‘துச்சீலம் உண்டோ?’

கேரளத்து மருத்துவமனைகளில் நோயாளியின் விவரங்களைக் கேட்டெழுதும்போது வழக்கமாக ஒரு கேள்வி வரும்: “துச்சீலங்கள் எந்தெங்கிலும் உண்டோ?” நம் பக்கத்தில் இதற்கு நேரான வடிவம், “கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?” என்பது. புகையிலையையும் மதுவையும் பற்றித்தான் பேச்சு என்பது இருவருக்குமே தெரியும். ஆயினும் மொழியியல் பயின்ற எவரும் இந்தக் கேள்வியின் முன் சற்று நின்றே தீர வேண்டும். இதில் விடைக்கு முன்பாகத் தீர்ப்பு வந்துவிடுகிறது. “உண்டு” என்று சொல்ல வேண்டுமானால், தான் கெட்ட பழக்கத்தை உடையவர் என்பதை நோயாளி முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, பக்கத்தில் மருமகள் நின்றுகொண்டிருக்கையில். பெரும்பாலோர் “இல்லை” என்கிறார்கள். படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது.

திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஏழைக் குடும்பத்து நோயாளிகளுக்கும் இடையே நிகழும் உரையாடல்களே என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள். உரியவர்களின் ஒப்புதலோடு பதிவுசெய்து, எழுத்துப்படியாக்கி, சொல் சொல்லாகப் பார்த்து வருகிறேன். நாகர்கோவிலில் பிறந்தமையால் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இடங்களில் காது சற்றுக் கூர்மையாகவே இருக்கிறது. புகையிலை பற்றிய பகுதிகளைத் தனியே பிரித்தெடுத்தபோது எனக்கு முதலில் தென்பட்டவை வினைச்சொற்கள்.

படிவத்தில் இருப்பது ‘புகையிலை உபயோகம்’. மக்கள் வாயில் அப்படி ஒரு செயலே இல்லை. மலையாளத்தில் பீடியை வலிப்பார்கள்; வெற்றிலையை முறுக்குவார்கள்; ஹான்ஸை உதட்டுக்குள் வைப்பார்கள். தமிழில் வெற்றிலை போடுவோம், பீடி குடிப்போம். குமரி மாவட்டத்தார் பீடி வலிக்கவும் செய்வார்கள். ஆனால் விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவரிடம் “குடியும் வலியும் உண்டோ?” என்று கேட்டபோது, அவர் தம் முழங்காலைத் தடவியபடி, “வலி இப்ப இல்லீங்க” என்றார். மலையாளத்தில் வலி என்றால் இழுப்பு. நோவுக்கு அவர்கள் சொல் வேதனை. அந்த மனிதரின் சட்டைப்பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் கடமையில் தவறவில்லை. கேள்வி மட்டும் போய்ச் சேரவில்லை.

இது வெறும் வேடிக்கையன்று. 2016-17ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 10.7 விழுக்காடு, மெல்லுதல், அதக்குதல் முதலிய புகையற்ற வகைகளைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு, அதாவது சரியாக இருமடங்கு. ஆனால் முந்தைய 12 மாதங்களில் மருத்துவரையோ சுகாதாரப் பணியாளரையோ சந்தித்தவர்களுள், பழக்கத்தை விடும்படி அறிவுரை பெற்றோர் புகைப்பவர்களில் 48.8 விழுக்காடு, புகையற்ற வகையினரில் 31.7 விழுக்காடு மட்டுமே. அதிகம் பேருக்கு இருக்கும் பழக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. காரணங்கள் பலவாக இருக்கலாம். ‘புகைபிடிப்பீர்களா?’ என்பது கேள்வியாகப் பழகிவிட்ட அளவுக்கு ‘வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பீர்களா?’ என்பது பழகவில்லை என்பது அவற்றுள் ஒன்று என எண்ணுகிறேன்.

இந்த இடைவெளியை நான் அட்டவணையில் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆச்சி ஐம்பது ஆண்டுகள் வெற்றிலை போட்டவர்; தடைப் புகையிலைத் துண்டு இல்லாமல் அவருக்கு வெற்றிலை இனிக்காது. வாய்ப்புண்ணுக்கும் பல்வலிக்கும் பல மருத்துவர்களிடம் போயிருக்கிறார். “கெட்ட பழக்கம் உண்டா?” என்று கேட்டவர்களிடம் இல்லை என்றுதான் சொன்னார். மனமறிந்து சொன்ன பொய்யன்று அது. திருமணத்துக்கு அழைக்கையில் தட்டில் வைப்பது, விருந்துக்குப் பின் கொடுப்பது, தெய்வத்தின் முன் படைப்பது எப்படிக் கெட்ட பழக்கம் ஆகும்? கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று எத்தனை காலம் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. புற்றுநோய் என்று உறுதியானபோது அது நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. எட்டு மாதங்களில் போய்விட்டார்.

வாயைத் திறந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியக்கூடிய நோய் இது. அப்படிப் பார்ப்பதற்கு மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை என்பதை உலகுக்குக் காட்டிய ஊரே திருவனந்தபுரம்தான். இந்த மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற, மருத்துவரல்லாத பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 35 வயதைக் கடந்தோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஐயத்துக்கு இடமானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. இதே மாவட்டத்தின் கிராமங்களில் புகைப்பவர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வு 2013இல் வெளியானது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் பலமுறை நேரிலும் தொலைபேசியிலும் பேசிய பிரிவில், ஓராண்டின் இறுதியில் 14.7 விழுக்காட்டினர் புகையை விட்டிருந்தார்கள். மற்றப் பிரிவில் 6.8 விழுக்காட்டினர். மருந்தைவிடப் பேச்சே முதன்மையாக அமைந்த முயற்சி அது.

அப்படியானால் எப்படிப் பேசுவது? பயிற்சி ஏடுகள் ஐந்து படிகளைச் சொல்கின்றன: கேள், அறிவுரை கூறு, விருப்பத்தை மதிப்பிடு, உதவு, தொடர் சந்திப்புக்கு ஏற்பாடு செய். முதற்படியான ‘கேள்’ ஒற்றைச் சொல்லாக நின்றுவிடுகிறது. அதன் உள்ளே இருப்பதை நான் கற்றது கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில், ஓர் ஆஷா பணியாளரிடம். மீன் விற்கும் மூதாட்டி ஒருவரின் வாசற்படியில் அவர் அமர்ந்தார். ‘உண்டோ’ என்றே கேட்கவில்லை.

“அம்மச்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை முறுக்குவீங்க?”

“ஏழு, எட்டு வரும் மோளே. விடியக்காலம் மீன் எடுக்கப் போறப்ப ஒண்ணு. அது இல்லேன்னா பசி தாங்காது.”

“சாப்பாடு எப்ப?”

“வித்துட்டு வந்த பிறகுதானே. மூணு மணி ஆகும்.”

‘எத்தனை’ என்னும் சொல் பழக்கம் இருப்பதை முன்னமே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஒப்புக்கொள்ளும் சுமை கேட்கப்பட்டவரின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. அதன் பிறகு வந்த விடைகளில்தான் உண்மையான செய்தி இருந்தது: அந்த அம்மாவுக்குப் புகையிலை, காலையுணவின் இடத்தில் இருக்கிறது. அதை அறியாமல் ‘விட்டுவிடுங்கள்’ என்பது, பசியோடு நடங்கள் என்பதற்குச் சமம். அந்தப் பணியாளர் அன்று விடச் சொல்லவில்லை. எட்டில் எதை விடுவது எளிது என்று கேட்டார். இரவில் படுக்கும் முன் போடுவதை என்று பதில் வந்தது. விடியற்காலையில் கூடையோடு ஏதாவது தின்னக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். கைபேசி விளக்கில் வாயைப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து நாங்கள் போனபோது எட்டு, ஐந்தாகியிருந்தது. முற்றிலும் விடவில்லை. ஆனால் பேச்சு அறுபடவில்லை. அடுத்த முறை வரும்போது எண்ணிக்கையைத் தாமே சொல்கிறேன் என்றார் அந்த அம்மா.

அந்த முதல் உரையாடலுக்கு இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. இதை நாம் மறந்துவிடக் கூடாது. 2025 பிப்ரவரியில் இதே நகரின் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் போராட்டத்தில் அமர்ந்தபோது, அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய்; கேட்டது 21,000. நல்ல கேள்வியைக் கேட்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்கு விலை உண்டு. மொழியைத் திருத்துவதால் மட்டும் இது தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வியை மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. ‘கெட்ட’ என்பதை நீக்குங்கள். புகைத்தலையும் மெல்லுதலையும் தனித்தனியே கேளுங்கள். ‘உண்டா’வுக்குப் பதிலாக ‘எத்தனை’, ‘எப்போது’ என்று கேளுங்கள். விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் தேசியக் கட்டணமில்லா உதவி எண் இருப்பதையும் சொல்லுங்கள்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் புகையிலைக்கு என்ன வினைச்சொல் வழங்குகிறது? போடுவதா, அதக்குவதா, ஒதுக்குவதா, வேறேதேனுமா? உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் சொல்லை அப்படியே, ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். சுகாதாரப் பணியாளர்களுக்காக வட்டார வாரியாகச் சிறு சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.