சிறையில் எழுதிய 300 பக்கம்

கொலை வழக்கில் சிக்கிய ஆட்டோ சங்கர், 1991-ல் செங்கல்பட்டு கிளைச்சிறையில் 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதினானாம். ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலரின் தொடர்பும் அதில் இருந்ததாம். நக்கீரன் அதை வெளியிட இருந்தபோது, 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரின் கடிதம் வந்தது: இது அவன் எழுதியதே இல்லை, வெளியிடக்கூடாது. எழுதவே இல்லை என்றால் இத்தனை பதற்றம் ஏனோ!

அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை, அவதூறு என்றால் வந்தபிறகு வழக்குப் போடட்டும் என்றது உச்ச நீதிமன்றம் (7.10.1994). ஆனால் அரசு ரகசியச் சட்டத்தைத் தொடவில்லை. அதே தீர்ப்புதான் தனிமனித அந்தரங்கத்தையும் 21-வது பிரிவுக்குள் சேர்த்தது. நீதிமன்ற ஆவணத்தில் இருப்பதை யாரும் எழுதலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும் ஆவணத்தில் இருந்தாலும் எழுதக்கூடாது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.