மருத்துவரைக் கேளுங்கள்

2018 அக்டோபர் தொடங்கி மறு வருடம் ஏப்ரல் வரை, பதினான்கு நாட்களுக்கு ஒரு முறை, நியூ ஜெர்ஸியில் ஒரு புற்றுநோய் சிகிச்சைக் கூடத்தில் வியாழக்கிழமை முற்பகல்களைக் கழித்திருக்கிறேன். நோயாளி நானல்ல. ஓய்வுபெற்ற வேதிப்பொறியாளரான நண்பர் ஒருவருக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கா வந்தவர். என்னைவிட முப்பது வயது மூத்தவர். பழைய சிற்றிதழ்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்திருந்தார். அவற்றை இரவல் வாங்கப் போய்த்தான் பழக்கம். நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னிடம் 'நீங்க' என்பதை ஒருநாளும் விட்டதில்லை.

அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் அருகிலும் மருந்துப் பை தொங்கும் கம்பம். சுவரில் ஒரு தொலைக்காட்சி. யாருக்கும் தொந்தரவு கூடாதென்று ஒலியை நிறுத்தி எழுத்துகளை மட்டும் ஓடவிட்டிருப்பார்கள். பகல்நேர நிகழ்ச்சிகளுக்கு நடுவே மருந்து விளம்பரங்கள் வரும், புற்றுநோய் மருந்துகளுக்கானவை உட்பட. ஒலி இல்லாதபோதுதான் அவற்றின் கட்டுமானம் எனக்குப் புலப்பட்டது. படத்தில் நரைத்த தம்பதி ஏரியில் படகு விடுவார்கள், பேத்தி ஓடிவந்து கட்டிக்கொள்வாள். கீழே கறுப்புப் பட்டையில் நுரையீரல் அழற்சி, குடலில் துளை, மரணமும் நேரலாம் என்று வரிகள் ஓடும். ஒலியோடு பார்க்கும்போது பின்னணி இசையில் கரைந்துபோகும் சொற்கள் இவை.

அவற்றுள் ஒன்று, நுரையீரல் புற்றுநோய்க்கானது, இன்னும் அதிக காலம் வாழ வாய்ப்பிருப்பதாகச் சொன்னது. சாருக்கு வந்திருந்தது கணையத்தில். அந்த மருந்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆனாலும் மூன்று நான்கு முறை கூர்ந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "'லாங்கர்'னு சொல்லி நிறுத்திடறான், பாத்தீங்களா? இங்கிலீஷ்ல அப்படி நிறுத்திடலாம். தமிழ்ல சொல்லிப் பாருங்க, எதைவிடன்னு கேட்காம இருக்க முடியாது."

மருந்துச் சோதனைகளின் தரவுகளைப் பகுத்தாய்வது என் தொழில். எதைவிட, எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடித்தான் எனக்குச் சம்பளம். அவர் அதைச் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது 2015இல் வெளிவந்த ஒப்டிவோ விளம்பரம். வானளாவிய கட்டடங்களின் மீது நீண்டு வாழும் வாய்ப்பு என்ற பொருளில் பெரிய எழுத்துகள் ஒளிரும். தெருவில் மனிதர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதன் பின்னாலிருந்த ஆய்வுகளில், நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகையில் பழைய மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6 மாதம், புதிய மருந்தில் 9.2 மாதம். இன்னொரு வகையில் 9.4 மாதமும் 12.2 மாதமும். அதாவது மூன்று மாதத்தை ஒட்டிய வேறுபாடு. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. இடைநிலை என்பது பாதிப்பேர் அதற்கு முன்பும் பாதிப்பேர் அதற்குப் பின்பும் என்று பிரிக்கும் கோடு மட்டுமே. 2021இல் வெளியான முடிவுகளின்படி ஐந்தாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தவர்கள் புதிய மருந்தில் 13.4 சதவீதம், பழையதில் 2.6 சதவீதம். அண்ணாந்து பார்த்தவர்களில் சிலருக்கு அந்த வாக்கியம் உண்மையாகவே பலித்தது. பெரும்பாலோருக்குப் பலிக்கவில்லை. கட்டடத்தின் மேல் எழுத இரண்டாவது வாக்கியத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாத மருந்துகளைப் பொதுமக்களிடம் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும் மட்டுமே. அமெரிக்காவில் இத்தகைய விளம்பரங்களின் கட்டுப்பாடு 1962ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் உணவு மருந்து நிர்வாகத்திடம் வந்தது. மருந்தின் அபாயங்களின் சுருக்கம் முழுவதையும் விளம்பரத்திலேயே தரவேண்டும் என்றிருந்தவரை தொலைக்காட்சி அதற்கு ஒத்துவரவில்லை. 1997இல் விதியின் பொருள் தளர்த்தப்பட்டது. முக்கியமான அபாயங்களைச் சொன்னால் போதும். மற்றவற்றுக்கு ஒரு தொலைபேசி எண், ஓர் இணையதள முகவரி, ஒரு பத்திரிகை விளம்பரம், கூடவே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்கும்படி ஒரு வரி. படகும் ஏரியும் வீட்டுக்கூடத்துக்குள் வந்தது அந்த வழியாகத்தான்.

சாருக்குக் கொடுத்த சிகிச்சைக்கு விளம்பரம் கிடையாது. நான்கு மருந்துகளின் கூட்டு அது. சில மணி நேரம் அங்கே ஏற்றிவிட்டு, மிச்சத்தை இடுப்பில் கட்டிய சிறு பம்ப் ஒன்றில் வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டு நாள் அதைச் சுமந்துகொண்டே தூங்கவேண்டும். நான்கும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். அவற்றுக்காக யாரும் படகு வாடகை கொடுக்க மாட்டார்கள். பரவிவிட்ட கணையப் புற்றுநோயில் அந்தக் கூட்டு என்ன செய்கிறது என்பதை 2011இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டார்கள்: இடைநிலை ஆயுள் 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதம். வெவ்வேறு நோய்களின் கணக்கை அருகருகே வைப்பது முறையல்ல என்றாலும், கட்டடத்தில் ஏறிய எண்ணைவிட இது சிறிதல்ல. 11.1 என்பது எனக்கு மனப்பாடம்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, அதே விளம்பரம் ஓடி முடிந்தபின் கேட்டார்: "என்னோட மருந்துக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்குமில்ல? நீங்க இந்த வேலையில இருக்கறவர். எத்தனை மாசம்?"

அவர் வெறும் ஆவலில் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் அவருடைய அக்கா இருந்தார், எண்பத்தைந்தைத் தாண்டியவர். ஜனவரியில் சிகிச்சையை இரண்டு சுற்று தள்ளிவைத்துவிட்டுப் போய் வருவதா, முழுவதும் முடித்துக்கொண்டு கோடையில் போவதா என்பதுதான் வீட்டில் அப்போது பேச்சு.

"ஒவ்வொருத்தருக்கும் வேற வேற மாதிரி இருக்கும் சார். டாக்டரைக் கேளுங்க" என்றேன்.

அவர் தொலைக்காட்சியைக் காட்டிச் சிரித்தார். "நீங்களும் அவன் மாதிரியே முடிக்கிறீங்களே."

அவர் சொன்னபிறகுதான் எனக்கு உறைத்தது. விதிக்காக விளம்பரம் கடைசியில் சேர்த்துக்கொள்ளும் வரியை, எந்த விதியும் கட்டாயப்படுத்தாமல் நானே சொல்லியிருந்தேன்.

மருத்துவரை அவர் கேட்டாரா என்று தெரியாது. கோடையில் போகலாம் என்று முடிவாயிற்று. ஏப்ரலில் மருந்து பலனளிக்காமல் போனது. ஜூனில் விமானத்தில் உட்காரும் நிலையில் அவர் இல்லை. ஆகஸ்டில் இறந்தார். அக்காவும் தம்பியும் கடைசியாகப் பேசிக்கொண்டது கைபேசித் திரையில்.

இதற்காக விளம்பரங்களைக் குற்றம் சொல்வது எனக்கு வசதியானது. ஆனால் நான் மழுப்பக் கற்றுக்கொண்டது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அல்ல. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை இந்தியா 1954இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அந்தத் தடை இருக்கும் ஊரில்தான், என் பெரியப்பாவிடம் கடைசிவரை அது 'வயித்துப் புண்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர் வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். விளம்பரம் எண்ணை மறைப்பது விற்பதற்காக. நாங்கள் மறைத்தது அன்பினால். கேட்டவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

2024 நவம்பர் முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அபாயங்களை ஒலியிலும் எழுத்திலும் ஒரே நேரத்தில், கவனத்தைச் சிதறடிக்கும் காட்சிகள் இல்லாமல் சொல்லவேண்டும் என்ற விதி கட்டாயமாகியிருக்கிறது. 1997இன் தளர்வையே விலக்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். நல்லதுதான். எதைவிட, எத்தனை மாதம் என்பதைச் சொல்லியாகவேண்டும் என்ற கட்டாயம் 2024இன் விதியில் இல்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது நீளமானதல்ல. "இந்த மருந்து எடுத்தவங்கள்ல பாதிப்பேர் பதினோரு மாசத்துக்கு மேல இருந்தாங்க சார், பாதிப்பேர் இல்லை. நீங்க எந்தப் பாதின்னு யாருக்கும் தெரியாது. நானா இருந்தா ஜனவரியில போயிட்டு வந்துடுவேன்." சொல்லிப் பார்த்தேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை. விளம்பரத்தைவிடக் குறைவு.