அப்பாவும் 'அம்மா'தான்

மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அது என் அக்கா மகனால்தான் எனக்குப் புரிந்தது.

மேலுதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவன் அவன். கிரகணத்தன்று அக்கா வெளியே வந்தாளாம், ஊரில் பேச்சு! கருவின் முதல் மூன்று மாதத்துக்குள் இரு பக்கமும் வளர்ந்து சேரவேண்டியது சேராமல் போனது, அவ்வளவுதான். ஆறாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். "மொகந்தான் சரியாப் போச்சே" என்று வீட்டில் அண்ணத்தை விட்டுவிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் தைக்கவேண்டியது, மூன்று வயதாகிவிட்டது.

அதற்குள் பேச ஆரம்பித்தான். 'மாமா' சுத்தமாக வரும். 'அப்பா' மட்டும் 'அம்மா' என்றே வரும். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாட்டி நாக்கில் வசம்பு தேய்த்தது. நாக்கில் குறையே இல்லை! மெக்கானிக்கல்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: மென்அண்ணம் ஒரு வால்வு. 'ப' சொல்லும்போது அது எழுந்து மூக்குவழியை அடைக்கவேண்டும். அடைக்காவிட்டால் பிரஷர் நிற்காது, 'ப' போய் 'ம' ஆகிவிடும்.

தைத்த பிறகும் பேச்சுப் பயிற்சி வேண்டும். அக்கா வந்தால் ஒருநாள் கூலி போகும், அதனால் சனிக்கிழமைகளில் நான் கூட்டிப்போகிறேன். மூக்கடியில் கண்ணாடி வைத்து 'பா' சொல்லச் சொல்வார்கள். ஆவி படிந்தால் காற்று ஒழுகுகிறது. போன வாரம் மூன்று தடவை கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

இன்னும் இருக்கிறது. கோரைப்பல் முளைக்குமுன் ஈற்றில் எலும்பு ஒட்டவேண்டும். மேல்தாடை வளராமல் பின்தங்கினால் அதற்கான ஆபரேஷன் வளர்ச்சி நின்றபின், ஏறக்குறைய நம் வயதில்தான். எங்கள் வீட்டில் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். அக்காவிடம் எல்லாம் சொன்னேன்.

"அதுக்குள்ள நீ வேலைக்குப் போயிருப்பேல்ல?" என்றாள்.