சுந்தரபாண்டியபுரம்: சூரியகாந்திக்குச் சாரல் சொல்லும் தேதி!

ஜூலை பிறந்துவிட்டால் சுந்தரபாண்டியபுரம் சாலையில் கேரளப் பதிவெண் கார்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். காலையில் குற்றால அருவியில் குளியல், மதியம் பார்டர் பரோட்டா, மாலையில் சூரியகாந்தித் தோட்டத்தில் செல்ஃபி. சீசனுக்கு வருகிற பலருக்கு இதுதான் டூர் பிளான்.

தென்காசியிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். 1992-ல் வந்த 'ரோஜா' படத்தின் கதாநாயகிக்கு இதுதான் சொந்த ஊர். 2005-ல் 'அந்நியன்' பாடலுக்காக வண்ணம் தீட்டப்பட்ட பாறைகளை இன்றும் 'அந்நியன் பாறை' என்றே வழி சொல்கிறார்கள். சினிமா கொடுத்த புகழ் ஒருபக்கம் இருக்கட்டும். இந்த ஊரின் உண்மையான டைரக்டர் மேற்கே இருந்து வரும் காற்றுதான்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தோடு இந்த வழியாக இறங்கி வருகிறது. அதுதான் சாரல். குடை பிடித்தால் கேலி செய்வார்கள், பிடிக்காவிட்டால் சட்டை நனைந்துவிடும். ஐந்து நிமிடம் தூறல், அடுத்த ஐந்து நிமிடம் வெயில். தென்காசி மாவட்டத்துக்கு அதிக மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். ஆனாலும், ஊரைக் குளிர்விப்பதும் அருவியை விழவைப்பதும் இந்தச் சாரல்.

சூரியகாந்தியின் கணக்கும் இதில்தான் இருக்கிறது. சுமார் 90 நாள் பயிர். விதைத்து இரண்டு மாதத்தில் பூத்துவிடும். ஜூலைக் கடைசியில் வயல் மஞ்சளாக வேண்டுமென்றால், ஜூன் தொடக்கத்தில் விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். சரியாக, கேரளத்தில் பருவமழை தொடங்கும் நேரம். வழக்கமாக அந்தத் தேதி ஜூன் 1.

ஆனால், சமீபத்திய மூன்று வருடங்களைப் பாருங்கள். 2023-ல் கேரளத்தில் மழை தொடங்கியது ஜூன் 8. 2024-ல் மே 30. 2025-ல் மே 24. இரண்டு வாரத்துக்கும் மேல் ஊசலாட்டம்! சுற்றுலாப் பயணிக்கு இது லீவு தேதியை மாற்றுகிற விஷயம். விவசாயிக்கு, விதைக்கலாமா வேண்டாமா என்கிற விஷயம்.

தொடக்கம் மட்டுமல்ல, நடுவிலும் சிக்கல். எல் நினோ ஆண்டான 2023-ல் ஆகஸ்ட் மாதம், 1901-க்குப் பிறகு இந்தியா பார்த்த மிக வறண்ட ஆகஸ்ட். நாடு முழுவதும் சராசரியைவிட 36 சதவிகிதம் மழை குறைந்தது. பூக்கும் நேரத்தில் வெயில் எகிறினால் மகரந்தம் வீரியம் இழக்கும். அடைமழை பெய்தால் மகரந்தம் கரைந்துபோகும், தேனீயும் வராது. இரண்டில் எது நடந்தாலும் விதை பிடிக்காமல் பொக்காகிவிடும். போட்டோவில் என்னவோ பூ அழகாகத்தான் தெரியும்!

பருவமழை முன்னேபின்னே வருவது புதிதல்ல, எல் நினோவும் காலங்காலமாக உண்டு. இப்போது அதற்கு மேல் வெப்பமும் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கவலை. 1901-ல் இருந்து பதிவான ஆண்டுகளில் இந்தியாவுக்கு மிக வெப்பமான ஆண்டு 2024. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 1951 முதல் 2015 வரை நாட்டின் தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவிகிதம் குறைந்ததாகச் சொல்கிறது. குறைவு எடுப்பாகத் தெரிந்த இடங்களில் ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை. அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடேறியிருக்கிறது. கடல் சூடானால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும், சுமந்ததை ஓரிடத்தில் மொத்தமாகக் கொட்டவும் செய்யும்.

அப்படிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதைத் தென்மாவட்டங்கள் 2023 டிசம்பரில் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அடுத்த ஆண்டு மே 17, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தனியாக ஒரு வெள்ளத்தைக் காட்டி 'இது பருவநிலை மாற்றம்தான்' என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால், இதமான சாரலுக்குப் பேர்போன மலை இது.

சுந்தரபாண்டியபுரம் வட்டாரத்தில் சூரியகாந்தி மட்டும் விளைவதில்லை. நெல், சின்ன வெங்காயம், மிளகாய், காய்கறி எல்லாம் உண்டு. பக்கத்துப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லாரிகள் கேரளத்துக்குப் போகின்றன, ஓணம் நேரத்தில் கூடுதலாக. சாரல் தவறினால் பூ மட்டும் வாடுவதில்லை, கணவாய்க்கு அந்தப் பக்கத்துச் சமையலறைக்கும் விலை ஏறும்.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்கலாம். பூ எப்போது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், போன வருடத்துத் தேதியை நம்ப வேண்டாம். தோட்டத்துக்குள் உரிமையாளரைக் கேட்காமல் இறங்காதீர்கள். ஒரு செடி ஒடிந்தால் ஒரு பூ போச்சு, ஒரு செடிக்கு ஒரு பூதான். அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தால், வெயில் அடிக்கிறதே என்று வாதாட வேண்டாம். மாலை நான்கு மணிக்கு மேல் சுந்தரபாண்டியபுரம் வந்தால் மேகம் மலையைத் தாண்டி இறங்குவதைப் பார்க்கலாம். பூக்கள் அப்போது உங்களுக்கு முதுகைக் காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். மொட்டாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும், முற்றிய பூ கிழக்கு பார்த்தே நிற்கும். படம் எடுக்கக் காலைதான் சரி.