சண்டைக்கு ஒரு சர்க்யூட்

அடியே தோழி,

உன் கடுதாசி கிடைச்சது. உன் அக்கா பொண்ணு கல்யாணத்துல மூணாவது பந்திக்கே சாம்பார் தீர்ந்து, சம்பந்தி வீட்டார் ரசத்தோட எழுந்து போன கதையை எங்க வீட்டுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். கடைசியில ஒரு வரி கேட்டிருக்கே பாரு, "ரிட்டயர் ஆனதும் ஈயம் பத்த வெச்சுட்டு உக்காந்திருக்கியாமே"ன்னு. இதை உன் காதுல போட்டது யாருன்னு எனக்குத் தெரியாதா? என் ஓரகத்திதானே! அவளாலதான்டி இந்த வேலையே ஆரம்பிச்சது.

எங்க வீடு உனக்குத் தெரியும். மாடியில அவ, கீழே நாங்க. மோட்டார் சுவிட்ச் எங்க பக்கம், மொட்டை மாடி அவ பக்கம். இவர் மோட்டாரைப் போட்டுட்டு பேப்பரை விரிச்சா உலகமே மறந்துடும். டேங்க் வழிஞ்சு, அவ காய வெச்ச வத்தல் வடாமெல்லாம் மிதக்கும். அவ மேலேருந்து கத்துவா, இவர் கீழேருந்து கத்துவார், நடுவுல நான். அப்பதான் எனக்குத் தோணிச்சு, கத்துறதை ஒரு பஸ்ஸர் பண்ணட்டுமேன்னு.

உடனே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிட்டேன். மவுண்ட் ரோடுலேருந்து உள்ளே திரும்பினா சந்து முழுக்க ஒயரும் பல்பும் போர்டும்தான். கடைக்காரப் பையன் "பேரனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்டாம்மா?"ன்னான். "எனக்குத்தான்"னேன். அதுக்கப்புறம் மரியாதையே தனி!

டேங்க் அலாரத்துக்கு வேண்டியது ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிடும். பிசி 547ன்னு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு 1 கே ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, பேட்டரியை வெச்சாலே தானா கத்துற பஸ்ஸர். டிரான்சிஸ்டருக்கு மூணு கால். தட்டையான முகம் உன்னைப் பார்க்க, கால் கீழே இருக்குற மாதிரி பிடிச்சா, இடது கலெக்டர், நடு பேஸ், வலது எமிட்டர். எங்க அத்தை ஒரு கண் ஜாடை காட்டினா வீடே எழுந்து ஓடும்ல, அந்த மாதிரி பேஸுக்குள்ள துளி கரண்ட் போனா போதும், கலெக்டர் வழியா பெரிய கரண்ட் பாயும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் கலெக்டருக்கும் நடுவுல பஸ்ஸர். எமிட்டர் மைனஸுக்கு. பிளஸ்லேருந்து ஒரு ஒயர் டேங்குக்குள்ள, பேஸ்லேருந்து ரெசிஸ்டர் வழியா இன்னொரு ஒயர் டேங்குக்குள்ள. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொடாம, வழியற குழாய்க்குக் கொஞ்சம் கீழே தொங்கணும். தண்ணி ஏறி ரெண்டையும் தொட்டதும் அது வழியா துளி கரண்ட் பேஸுக்குப் போகும், பஸ்ஸர் அலறும். எங்க போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அதனால கரண்ட் நல்லாவே கடத்துது. அந்த உப்பால இத்தனை வருஷத்துல கிடைச்ச ஒரே லாபம் இதுதான்டி.

ஒரு விஷயம் கவனி. வெறும் செம்புக் கம்பியைத் தொங்க விட்டா, கரண்ட் ஒரே திசையில போறதால சீக்கிரம் பச்சை பூத்து அரிச்சுடும். நான் ரெண்டு எவர்சில்வர் ஸ்பூனைக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். தண்ணி தொடாத வரைக்கும் கரண்டே செலவாகாது, பேட்டரி ரொம்ப நாள் வரும். "அப்படியே மோட்டாரையும் அணைக்கிற மாதிரி பண்ணேன்"னு இவர் கேட்டார். அது 230 வோல்ட், எலக்ட்ரீஷியன் பாடு. நம்ம விளையாட்டு பேட்டரியோட நிக்கணும்.

இப்ப பஸ்ஸர் சத்தத்துக்கு இவர் பேப்பரோடவே எழுந்து ஓடறார். ஓரகத்தி நேர்ல ஒரு வார்த்தை பாராட்டலை, ஆனா உன்கிட்ட போன் போட்டுச் சொல்லியிருக்கா. அதுவே பெரிசு.

அடுத்தது ஃப்ரிட்ஜ் விவகாரம். வாங்கி வைக்கிற மைசூர்பாகு ராத்திரியில குறைஞ்சுக்கிட்டே வந்தது. இவருக்கு சர்க்கரை இருக்கே, வீடு மொத்தமும் இவர் மேலதான் சந்தேகம். அதே டிரான்சிஸ்டர், அதே பஸ்ஸர். தண்ணிக்குப் பதிலா எல்டிஆர்னு ஒரு சின்ன வில்லை. இருட்டுல அதோட தடை பத்து லட்சம் ஓமுக்குக்கூட ஏறும், வெளிச்சம் பட்டா சில ஆயிரத்துக்கு இறங்கிடும். பிளஸ்ஸுக்குக் கீழே எல்டிஆர், அதுக்குக் கீழே 10 கே ரெசிஸ்டர், அங்கேருந்து மைனஸ். ரெண்டும் சேர்ற இடத்துலேருந்து அந்த 1 கே வழியா பேஸுக்கு ஒரு ஒயர். ஃப்ரிட்ஜ் மூடியிருந்தா உள்ளே இருட்டு, சத்தமே கிடையாது. கதவைத் திறந்தா உள் விளக்கு எரியும், எல்டிஆர் இறங்கிக் கொடுக்கும், பஸ்ஸர் கூவும். டப்பா பின்னாடி ஒளிச்சு வெச்சேன்.

ராத்திரி கூவிச்சுடி! ஓடிப் போய்ப் பார்த்தா, எங்க அத்தை! எண்பது தாண்டினவங்க, வாய் நிறைய மைசூர்பாகு. "ஃப்ரிட்ஜ் ரிப்பேர் போல, கத்துது பாரு"ன்னாங்க அசராம. இவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்கணுமே, அடக்க ரெண்டு நாள் ஆச்சு.

அத்தை இருட்டுல தடவித் தடவி வந்ததைப் பார்த்து மனசு கேக்கலை. அலாரத்தைப் பிரிச்சு, எல்டிஆரைக் கீழேயும் ரெசிஸ்டரை மேலேயுமா இடம் மாத்தினேன். 10 கேக்குப் பதில் 100 கே. பஸ்ஸர் இருந்த இடத்துல ஒரு வெள்ளை எல்இடி, அதோட ஒரு 220 ஓம் ரெசிஸ்டர். இப்ப எல்லாம் தலைகீழ். வெளிச்சம் இருந்தா அணைஞ்சிருக்கும், இருட்டினா தானா எரியும். ராத்திரி முழுக்க எரியறதுக்கு 9 வோல்ட் பேட்டரி தாங்காதுன்னு பழைய போன் சார்ஜரோட 5 வோல்ட்டைக் கொடுத்திருக்கேன். இடம் மாறினா போலீஸ்காரன் வழித்துணையா ஆயிடறான். இந்த ஒண்ணுலதான்டி எனக்குப் பித்தே பிடிச்சது.

லீவுக்கு வந்த பேரப்பசங்க ஊஞ்சலுக்கு அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கு 555ன்னு நேரம் அளக்குற எட்டுக் கால் ஐசி. இதுக்குப் பின்னாடியும் ஒரு வம்பு இருக்கு, கேளு. ஹான்ஸ் காமன்சிண்ட்னு சுவிட்சர்லாந்துல பிறந்தவர், கலிஃபோர்னியாவுல சிக்னெடிக்ஸ் கம்பெனி வேலையை விட்டுட்டு, அதே கம்பெனிக்கு ஒப்பந்தத்துல தனியா உக்காந்து 1971ல வரைஞ்சது. முதல் வரைபடத்துக்கு ஒன்பது கால் வேண்டியிருந்தது. அப்புறம் உள்ளே ஒரு பகுதியை எடுத்துட்டு சாதா ரெசிஸ்டரே போதும்னு கண்டுபிடிச்சு எட்டுல முடிச்சார். 1972ல கடைக்கு வந்தது, இன்னிக்கும் விக்குது. பட்டனை அமுக்கினா விளக்கு எரியும், ஒரு கெபாசிட்டர் ரெசிஸ்டர் வழியா மெல்ல நிரம்பும். சப்ளையில மூணுல ரெண்டு பங்கைத் தொட்டதும் 555 அதைக் காலி பண்ணி, விளக்கையும் அணைச்சுடும். நேரம், ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் பெருக்கி 1.1ஆல மறுபடி பெருக்கினா வரும். 10 லட்சம் ஓம், 100 மைக்ரோஃபாரட் போட்டா 110 விநாடி. பட்டனை அமுக்கி ஊஞ்சல்ல ஏறணும், விளக்கு அணைஞ்சா இறங்கணும். இந்த மாதிரி கெபாசிட்டர் சொன்ன அளவுக்கு அஞ்சுல ஒரு பங்கு முன்னே பின்னே இருக்கும். பெரியவன் கைக்கடிகாரத்தை வெச்சு "பாட்டி, உன் மிஷின் பொய் சொல்லுது"ன்னு பஞ்சாயத்துக்கு வந்துட்டான். சண்டை ஊஞ்சல்லேருந்து கெபாசிட்டருக்கு மாறிடுச்சு!

புஸ்தகத்துல ப்ராஜெக்ட் தேடாதேடி. வீட்டுல எது சண்டை மூட்டுதோ, அதுதான் உன் முதல் ப்ராஜெக்ட். சும்மா மினுக்குற விளக்கு பண்ணினா ஒரு வாரத்துல பரண்ல போட்டுடுவே. சண்டையைத் தீர்த்த டப்பாவை யாரும் கழட்ட விடமாட்டாங்க.

ஆரம்பத்துல ஈயமெல்லாம் வேண்டாம். ஒரு பிரெட்போர்டு வாங்கு, சொருகிச் சொருகிப் பார்க்கலாம். முதல்ல ஒரு சிவப்பு எல்இடியை 470 ஓம் ரெசிஸ்டரோட 9 வோல்ட்டுல எரிய வை. மஞ்சள், ஊதா, பழுப்புன்னு கோடு போட்டிருக்கும். ரெசிஸ்டர் இல்லாம நேரா கொடுத்தே, எல்இடி கருகிடும். ஒரு மல்டிமீட்டரும் வாங்கிடு, ஓரகத்திகூட இப்ப ரிமோட் பேட்டரியைச் சோதிக்க அதைத்தான் கடன் கேக்கறா. ஈயம் வைக்கிற நாள் வந்தா ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ, முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சாப்பாட்டுல கை வைக்கணும்.

உங்க வீட்டுல இப்ப ஓடற சண்டை என்னன்னு விவரமா எழுது. யாரு, எப்ப, எந்த ரூம்ல, எல்லாம் வேணும். சர்க்யூட் வரைஞ்சு அனுப்பறேன். மாமியார் மருமகள் சீரியல் நேரச் சண்டைன்னு மட்டும் எழுதிடாதே. அதுக்கு காமன்சிண்ட்டே வந்தாலும் ஐசி வரைய முடியாது.

உன்,
பழைய பெஞ்ச் தோழி