ஆசிரியர்: தெரியவில்லை

தைப்பூசம் நெருங்கினால் எங்கள் ஊரில் யாருக்கும் தூக்கம் கிடையாது. சாணார்பட்டி நத்தம் ரோட்டில் இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிகள் நத்தம் வந்து, எங்களைத் தாண்டி, திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும். முன்னாலும் பின்னாலும் பாதயாத்திரைக் கூட்டம். விடிய விடியப் பாட்டு.

போன வருடம் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் அதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு கூட்டம் காவடிச்சிந்து மெட்டில் ஏதோ பாடிக்கொண்டு போனது. உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தது.

"இது உங்க அப்பத்தா மெட்டுல்லடா."

சிரித்துவிட்டேன். காவடிச்சிந்து என்றால் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைப் பாட்டாகப் பாடியவர். முப்பது வயதுக்குள் இறந்துபோனார். ஆனால் அந்த நடையை அவர் வானத்திலிருந்து பிடிக்கவில்லை. அவருக்கு முன்பே காவடிக்காரர்கள் அப்படித்தான் ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் போனார்கள். ரோட்டிலிருந்து எடுத்தார், புலவராகச் செதுக்கினார், மறுபடி ரோட்டிலேயே விட்டுவிட்டார். இன்று அதைப் பாடிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் விளக்கினேன். பொறியாளன் புத்தி. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெட்டியாரு இருக்கட்டும். அப்பத்தா பாட்ட என்னமோ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கேன்னியே, அதைப் போடு" என்றது.

2016இல் அப்பத்தா இறப்பதற்குச் சில மாதம் முன்பு அதன் பாட்டுகளைப் பதிவு செய்திருந்தேன். மொத்தம் பதினொன்று. எங்களுடையது மானாவாரி நிலம், கடலைதான் வெள்ளாமை. செடியைப் பிடுங்கிப் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை ஆயும்போது அப்பத்தா எடுத்துக்கொடுக்கும், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பதினொன்றையும் ஒரு இணையக் காப்பகத்தில் ஏற்றிவிட்டுப் பெருமையாக இருந்தேன். வகை: நாட்டுப்புறப் பாடல். ஊர்: சாணார்பட்டி. ஆசிரியர்: தெரியவில்லை.

நான்காவது பாட்டுக்கு 'தாலாட்டு' என்று குறிப்பு எழுதியிருந்தேன். அது ஓடியதும் அத்தை பூண்டைக் கீழே வைத்துவிட்டது.

"தாலாட்டா? யாருடா சொன்னா?"

எனக்கு ஒரு சித்தப்பா இருந்திருக்கிறார். மூன்று வயதில் அம்மை போட்டு இறந்துபோயிருக்கிறார். வீட்டில் யாரும் பேசியதே இல்லை. அத்தைக்கு அப்போது ஏழு வயது.

"நாலு நாளு வாயே தொறக்கல. அஞ்சாம் நாளு கடலை ஆய வந்துச்சு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசல, பாட்டாத்தான் பேசுச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ரோட்டுல கேட்ட காவடி மெட்டைத்தான் மெதுவா இழுத்துக் கட்டுச்சு. கூட இருந்தவளுக அழுதுகிட்டே வாங்கிப் பாடுனாளுக."

அந்தப் பெண்கள் வேறு காடுகளுக்கும் கூலிக்குப் போனார்கள். பாட்டும் கூடவே போனது. போகப் போகப் பையன் பெயர் உதிர்ந்தது. தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்கிற வரி மட்டும் நின்றது. கோபால்பட்டிப் பக்கம் அதை நிஜமாகவே தாலாட்டாகப் பாடுகிறார்களாம். கடைசியில் அப்பத்தாவே எனக்கு அந்தப் பெயரில்லாத வடிவத்தைத்தான் பாடியிருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டும். "அடுத்த பாட்டு சொல்லுங்க அப்பத்தா" என்று நான் அவசரப்படுத்துவது பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

எனக்கு ஸ்டுட்கார்ட் நினைவு வந்தது. ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் அங்கே இருந்தபோது கான்ஸ்டாட் திருவிழாவுக்குக் கூட்டிப் போனார்கள். பீர்க்கூடாரத்தில் 'ரோஸமுண்டே' பாட்டு வந்ததும் அத்தனை பேரும் பெஞ்சில் ஏறிவிட்டார்கள். "எங்க பழைய நாட்டுப்பாட்டு" என்றார் சக ஊழியர். ரூமுக்கு வந்து தேடினேன். அது ஒரு போல்கா. போல்காவே ஜெர்மனியில் பிறந்ததில்லை. 1830களில் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில் கிளம்பியது. இந்த மெட்டை 1927இல் போட்டவர் யாரோமீர் வெய்வோடா என்கிற செக்காரர். 1939இல் அமெரிக்கர்கள் ஆங்கில வார்த்தை போட்டு அவர்களும் சொந்தம் கொண்டாடினார்கள். வால்ட்ஸ் கதையும் இப்படித்தான். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியாவில் குடியானவர்கள் ஆடிய சுழலாட்டம் வியன்னா மாளிகைக்குள் போனது, ஸ்ட்ராஸ் கையில் உலகம் சுற்றியது. ஜெர்மானியர்கள் நாட்டுப்பாட்டாகவே பாடும் 'லோரலை' ஹைனே 1824இல் எழுதிய கவிதை. 1837இல் மெட்டமைத்தவர் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இசை இயக்குநராக இருந்த சில்ஷர்.

'மக்கள் பாட்டு' என்கிற சொல்லையே 1773இல் ஹெர்டர்தான் ஜெர்மனில் உருவாக்கினார். பிறகு வந்த யாக்கோப் கிரிம் போன்றவர்கள் ஒருபடி மேலே போய், அப்படிப்பட்ட கவிதை தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்று நம்பினார்கள். அழகான நம்பிக்கைதான். கடலைக்காட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். நம்மிடமும் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டது. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 'மலையருவி'யாக வெளியிட்டது. அருமையான புத்தகம், குறை சொல்லவில்லை. தொகுத்தவர் பெயர் தெரிகிறது, பதிப்பித்தவர் பெயர் தெரிகிறது. தலைப்போ அருவி. அருவியை யாரும் கட்டுவதில்லையே.

என் தொழிலில் யாராவது ஒரு வரி மாற்றினாலும் 'கிட்'டில் பெயர், தேதி, நேரம் எல்லாம் பதிவாகும். காற்புள்ளி ஒன்றை நகர்த்தியவனுக்குக்கூட வரலாறு உண்டு. அப்படிப்பட்ட வேலையில் பத்து வருடம் இருந்தவன், கட்டியவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு 'தெரியவில்லை' என்று எழுதினேன். நல்ல வேளை, அத்தை இருந்தது. மற்றப் பத்துப் பாட்டுகளையும் அன்று இரவே போட்டுக் காட்டினேன். மூன்று அப்பத்தா கட்டியது. இரண்டு, வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்தது. ஒன்று அதன் நாத்தனார் கட்டியது, "அதுல பாதி கெட்ட வார்த்தை, உனக்காக மாத்திப் பாடியிருக்கு." மிச்சம் நான்கு அத்தைக்கும் தெரியவில்லை.

காப்பகத்தில் திருத்தத் திறந்தேன். 'ஆசிரியர்' கட்டத்தில் விரலை வைத்ததும் இன்னொரு சிக்கல். அப்பத்தாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாத்தா கூட "ஏ, இந்தா" என்பார். அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரேஷன் கார்டை எடுத்து வந்தது.

"அதைப் பாத்து எழுதாத, அதுல தப்பா இருக்கு" என்றது. "நான் சொல்றேன், எழுது."