கோட்டைக்கு மணியும் வந்தது

நாயையும் உடன் அழைத்துக்கொண்டு திப்பு சுல்தானின் கோட்டையைப் பார்க்கச் சென்ற குடும்பம் எதையேனும் நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? எங்கள் குடும்பம் சென்றது. விளையாட்டுக்காக அன்று, வேறு வழியில்லாமல்.

என் மாமனார் வஃபாத்தாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. சத்தியமங்கலத்தை அடுத்த எங்கள் தென்னந்தோப்பில் இரவும் பகலும் அவருடன் காவல் இருந்தது மணி என்னும் நாட்டு நாய். பயிருக்கும் கால்நடைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் மணி தோப்போடு சரி. எங்கள் வீட்டு வாசற்படியை அது மிதித்ததில்லை. மிதிக்க மாமி விட்டதில்லை. எப்போதும் உளூவுடன் இருக்க விரும்புகிறவர் அவர். தோப்புக்கு வந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தடி தள்ளியே நிற்பார். மணியின் அலுமினியத் தட்டை வேறு பாத்திரங்களோடு சேராதபடி மோட்டார் அறையின் கூரையில் செருகி வைக்கச் சொல்லியிருந்தவரும் அவரே.

மாமா மறைந்த பின் தோப்பைக் குத்தகைக்கு விட்டோம். குத்தகைக்காரரிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள் இருந்தன. அவை மணியை அண்டவிடவில்லை. காது கிழிந்து, சாலையோரத்தில் படுத்துக் கிடந்த அதைப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் இரண்டு நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், கர்நாடகத்தில் பாண்டவபுரத்தருகே தோப்பு பார்த்துவரும் மாமியின் தம்பி மகன், "கொண்டு வந்து விடுங்கள், நான் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

பாண்டவபுரம் என்றதும் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீரங்கப்பட்டணம் பக்கந்தானே? திப்பு சுல்தான் கப்ரைக் காட்டுறேன் காட்டுறேன்னு நாப்பது வருசமாச் சொன்னாரு உங்க மாமா" என்றார். இத்தா முடிந்த பின்னும் வெளியூர் எங்கும் செல்லாதிருந்தவர் அவர். மறுவாரமே வேன் ஏற்பாடாயிற்று.

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் என் மகன் மூன்று முறை வாந்தியெடுத்தான். பின்னால் சாக்கு விரித்துக் கட்டிப்போட்ட மணியோ அசையவில்லை. முன்னிருக்கையில் இருந்த மாமி மட்டும், அதன் மூச்சுக் காற்று தம் மீது படுகிறதோ என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நாயுடன் பயணம் செய்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எங்கே இறங்கினாலும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். தரியா தௌலத் மாளிகையில் அந்த முறை என்னுடையதாயிற்று. 1780-ஆம் ஆண்டு நம் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்த காட்சியை அங்கே சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அதை என் மகள் வந்து சொல்லக் கேட்டதோடு சரி.

போர்க்களத்தைப் பார்க்க அந்தச் சங்கடம் இல்லை. அது திறந்த வெளி. கோட்டையின் வடமேற்கு மூலையில், பீரங்கிகள் மதிலை உடைத்த இடத்தருகே, போரில் மாண்ட ஆங்கிலப் படையினருக்காக 1907-இல் மைசூர் அரசு எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அங்கிருந்து கீழே நோக்கினால் காவிரி. நாங்கள் சென்றது கோடைக்காலம். பாறைகளுக்கிடையே முழங்காலளவு நீர்தான் ஓடியது. நீங்களும் செல்வதானால் கோடையிலேயே செல்லுங்கள். அப்போதுதான் அந்தப் போர் விளங்கும். மழை தொடங்கி ஆறு பெருகிவிட்டால் தீவுக் கோட்டையை நெருங்க இயலாது. ஆகவே அதற்கு முன்பே முடித்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டார் தளபதி ஹாரிஸ். 1799 மே 4, நண்பகல் கடந்து ஒரு மணியளவில், வெயிலின் உக்கிரத்தில் காவலர் அயர்ந்திருக்கும் வேளை பார்த்துப் படை ஆற்றில் இறங்கியது. சில நிமிடங்களில் உடைப்பின் மீது ஏறிவிட்டது. தலைமை தாங்கியவர் டேவிட் பேர்டு. புள்ளலூரில் பிடிபட்டு, இதே கோட்டையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் அவர்.

மதிலோரமாக நடந்து நீர்வாயிலை அடைந்தோம். உணவுக்கு அமர்ந்த திப்பு, தம் தளபதி சையத் கஃபார் வீழ்ந்த செய்தி கேட்டு எழுந்து, இந்த வடக்கு மதிலில்தான் நின்று சண்டையிட்டார். காயங்களுடன் உள்ளே திரும்ப முயன்றபோது வாயிலின் நெரிசலில் சிக்கிக்கொண்டார். எதிரியிடம் தம்மை யாரென்று அறிவித்துவிடும்படி அவருடைய பணியாளர் ராஜாகான் வேண்டியும் அவர் இணங்கவில்லை. இருட்டிய பின் தீவட்டி வெளிச்சத்தில் பிணங்களை விலக்கித் தேடியபோது, காயமுற்றுக் கிடந்த அந்த ராஜாகான்தான் இடத்தைக் காட்டினார். உடலில் சூடு இருந்ததால் உயிர் இருக்கிறதோ என்று நாடி பார்த்தார்களாம்.

"மணி மாதிரியே பக்கத்திலேயே இருந்திருக்கிறார்" என்றான் என் மகன். "மனிதரை நாயோடு ஒப்பிடாதே" என்று அதட்டினேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதட்டியிருக்க வேண்டாம்.

அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளத்தைத் தவிர அதிகமாக ஒன்றுமில்லை. எதிரிலேயே ரங்கநாதர் கோயில், திப்பு வெள்ளிப் பாத்திரங்கள் அளித்த கோயில், கம்பீரமாக நிற்கிறது. அந்த இடிபாட்டருகே நின்றுதான் என் கணவர் புலிகளின் கதையைச் சொன்னார். அரண்மனை முன்றிலில் புலிகளைக் கட்டி வைத்திருந்தார் சுல்தான். கோட்டை விழுந்த மறுநாள் அவற்றைக் கவனிக்கவோ இரை போடவோ ஆளில்லை. பசியில் அவை மூர்க்கமாகிவிட்டன. பொறுப்பேற்ற ஆர்தர் வெல்லஸ்லி அவற்றைச் சுட்டுவிட உத்தரவிட்டார்.

வேன் படியில் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மாமி தலை நிமிர்ந்தார். "கட்டிப்போட்ட வாயில்லா ஜீவன். அவுத்துவிடவாவது ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டார்.

புலியை யார் அவிழ்த்துவிடுவார் என்று சிரித்தாள் என் மகள். மாமி சிரிக்கவில்லை.

கும்பஸுக்குச் சென்றபோது லுஹர் நேரமாகியிருந்தது. தந்தை ஹைதர் அலிக்கும் தாயாருக்கும் பக்கத்தில், மே 5 அன்று, திப்புவையும் அங்கே அடக்கினார்கள். அன்று இடி மின்னலுடன் பெரும் புயல் வீசியதாக ஆங்கில அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். கப்றுகள் உள்ள இடத்திற்குள் நாயைக் கொண்டுவரலாமா என்று கேட்பதே முறையன்று. எனவே நான் வெளியே மர நிழலில் மணியுடன் நின்றேன். என் கணவரும் மகனும் பக்கத்திலிருந்த மஸ்ஜிதே அக்ஸாவுக்குத் தொழச் சென்றார்கள். மாமி என் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு கும்பஸுக்குள் சென்றார். நெடுநேரம் கழித்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. எந்தக் கப்ரை நினைத்து அழுதாரென்று நான் கேட்கவில்லை.

"நீ பாத்துட்டு வாம்மா. அதை எங்கிட்டக் குடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எதை, மாமி?"

கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு கையை நீட்டினார். சங்கிலியைக் கொடுத்தேன். கறுங்கல் தூண்களையும் தந்தக் கதவுகளையும் நான் பார்த்தேன் என்று பெயர்தான். நினைவெல்லாம் வெளியிலேயே இருந்தது. திரும்பி வரும்போது மணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் அறைக் கூரையிலிருந்த அதே தட்டு. அதை யார் எடுத்து வந்தார், எந்தப் பைக்குள் இருந்தது என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

பாண்டவபுரம் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. திப்புவின் பிரெஞ்சுப் படையினர் முகாமிட்டிருந்ததால் பிரெஞ்சு ராக்ஸ் என்று அழைக்கப்பட்ட ஊர் அது. தோப்பு நன்றாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இருந்தது. மணியைத் தென்னையில் கட்டியபோது அது எங்களைப் பார்க்கவில்லை, மண்ணை முகர்ந்துகொண்டிருந்தது.

புறப்படும் நேரத்தில் மாமி தம் தம்பி மகனைத் தனியே அழைத்தார். நாங்கள் வேனில் ஏறி அமர்ந்தும் அவர் வரவில்லை. அவர் பேச்சு எங்கள் காதில் விழுந்தது.

"சோறு சூடாப் போட்டா தொடாது. ஆறவெச்சுப் போடு. மீன் முள்ளு ஆகாது, ஒருதரம் தொண்டையில சிக்கிருச்சு. இடி இடிச்சா கட்டில் அடியில வந்து படுத்துக்கும், விரட்டாதே. இடது காதத் தொட்டா கோவம் வரும். பஜ்ருக்கு பாங்கு சொன்னா ஊளையிடும், அதுக்கு அடிக்காதே, உங்க மாமா அடிச்சதில்ல..."

என் கணவர் ஸ்டியரிங் மீது கைகளை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இஞ்சினைத் தொடவில்லை.